கடினமான கேம்பெயின், நியாயமான மரணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரமாக ஆடுவார்கள், உலகையும் எதிரிகளையும் நடத்துபவர் கேம் மாஸ்டர். அப்படி ஆட்டம் நடத்தும் நண்பர்கள், ஆபத்து நிறைந்த கேம்பெயின் (பல அமர்வுகளாகத் தொடரும் கதை) ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் என்னிடம் வருவார்கள். ஆள் மாறும், கேள்வி மாறாது. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். எண்கள் வரும் இடங்களில், வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆடுவது அதுதான். வேறு ஆட்டம் ஆடுபவர்களுக்கு எண்கள் மாறும், காரணங்கள் மாறாது.

ஆட்டம் கடினம் என்றால் பாத்திரங்கள் சாகத்தான் செய்யும். அதில் நியாயம் என்ன, அநியாயம் என்ன?

பாத்திரம் இறந்த பிறகு அந்த ஆட்டக்காரர் நடந்ததைப் பின்னோக்கி நினைத்துப் பார்க்கட்டும். "பாலம் ஆடுகிறது என்று தெரிந்தும் கனமான கவசத்தோடு ஏறினேன்", "அந்தக் காவலனைக் கட்டிப்போடாமல் விட்டது நான்தான்" என்று ஏதாவது ஓர் இடத்தில் அவரால் விரல் வைக்க முடிந்தால், அது நியாயமான சாவு. "கதவைத் திறந்தேன், செத்தேன்" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அது அநியாயம். விதிப்புத்தகம் உங்கள் பக்கம் இருந்தாலும் அநியாயம்தான்.

ஆகவே ஒவ்வொரு ஆபத்தையும் வைப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் போதும். இது வரப்போகிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறதா? தெரிந்துகொண்டால் வேறு ஏதாவது செய்ய முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் எவ்வளவு கொடூரமாக வேண்டுமானாலும் நடத்துங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

கடினமாக இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடாதா?

போகாது. எந்தப் பாம்பு எந்தப் புதரில் இருக்கிறது என்று சொல்லச் சொல்லவில்லை. இந்தக் காட்டில் பாம்பு உண்டு, கடித்தால் சாவு உண்டு என்று சொல்லச் சொல்கிறேன். முதல் அமர்வுக்கு முன் எல்லோரும் கூடி உட்கார்ந்து பாத்திரங்கள் உருவாக்குகிற அன்றே மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள்: பாத்திரங்கள் சாகுமா, செத்தால் புதிய பாத்திரம் எப்படி உள்ளே வரும், தோற்கடிக்கவே முடியாத எதிரிகள் இந்த உலகில் இருப்பார்களா. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஓடுவதைப் பற்றிய கேள்வி கீழே வரும்போது அதன் அருமை தெரியும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் சாவின் விலை வேறு. 1977இல் வந்த டிராவலரில், ஆட்டம் தொடங்கும் முன் பாத்திரத்தின் கடந்தகால வேலைகளை உருட்டிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போகலாம். 1984இல் வந்த பாரனாயாவில் ஒவ்வொருவருக்கும் ஆறு குளோன்கள். அடுத்த ஆள் வருவதே அங்கே நகைச்சுவை. இந்த ஆட்டங்களில் யாரும் "அநியாயம்" என்று எழுந்து போவதில்லை. உட்காரும்போதே ஒப்பந்தம் தெரிந்துவிடுகிறது. வீர சாகசக் கதை என்று நம்பி பத்துப் பக்கம் முன்கதை எழுதிக்கொண்டு வந்தவரை அதே வேகத்தில் கொன்றால் அவர் கோபப்படுவதில் என்ன தவறு?

முதல் லெவலிலேயே ஒருவர் செத்துவிட்டார். பகடைதானே உருண்டது, நான் என்ன செய்ய முடியும்?

பகடையை உருட்டியது எதிரி, அந்த எதிரியை அங்கே நிறுத்தியது நீங்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். முதல் லெவல் மந்திரவாதிக்கு 8 ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் அளவு) என்று வைத்துக்கொள்வோம். பக்பேர் என்ற முரட்டு அரக்கன் ஒன்று மறைந்திருந்து அடிக்கிறது. அதன் வழக்கமான அடியின் சராசரி 11, எதிர்பாராத தாக்குதலுக்குக் கூடுதல் சராசரி 7, மொத்தம் 18. மந்திரவாதி பூஜ்யத்துக்குப் போன பிறகும் 10 புள்ளி மிச்சம் இருக்கிறது. மிச்சம் அவருடைய முழு ஹிட் பாயிண்ட் அளவை எட்டிவிட்டால் உடனடி மரணம் என்பது விதி. பிழைத்தெழும் உருட்டல்கூடக் கிடையாது. இங்கே நடந்தது துரதிர்ஷ்டம் அல்ல, சராசரி. அடி பட்டால் செத்தார், அவ்வளவுதான்.

முதல் இரண்டு லெவல்களில் பாத்திரங்கள் கண்ணாடிப் பாத்திரங்கள். அந்தக் கட்டத்தில் ஒரே அடியில் ஆளை விழுங்கும் எதிரியை மறைவிலிருந்து இறக்காதீர்கள். நேருக்கு நேர் நிற்கட்டும். அல்லது பிடித்துக்கொண்டு போவது, பையைப் பறிப்பது, விளக்கை அணைப்பது என்று முதல் அடியை வேறு வகையில் கொடுங்கள். கடினத்தைக் காட்ட ஏங்கும் புதிய கேம் மாஸ்டர்கள் மூன்றாம் லெவல் வரை பொறுத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன் நீங்கள் காட்டுவது கடினம் அல்ல, குலுக்கல் சீட்டு.

கணக்குப் போட்டு மிதமான சண்டைதான் வைத்தேன். நான்கு பேருக்கு நான்கு கோப்ளின்கள். எப்படி எல்லோரும் விழுந்தார்கள்?

பெருக்க மறந்திருப்பீர்கள். கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றுக்கு, சண்டையின் கடினத்தை அளக்கும் அனுபவப் புள்ளி 50, நான்குக்கு 200. முதல் லெவலில் நால்வருக்கு மிதமான சண்டையின் எல்லையும் 200. இதுவரை சரி. ஆனால் மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும் என்கின்றன 2014 விதிகள். 200 என்பது 400 ஆகிறது. அதே நால்வருக்கு உயிருக்கு ஆபத்தான சண்டையின் எல்லை அந்த 400தான். நீங்கள் மிதம் என்று நினைத்து வைத்தது அட்டவணையின் கடைசிக் கட்டம்.

2024இல் வந்த புதிய விதிகளில் இந்தப் பெருக்கல் இல்லை. கூட்டத்தின் ஆபத்து அதனால் குறைந்துவிடவில்லை. சண்டையில் எல்லோருக்கும் முறை வந்து முடிவது ஒரு சுற்று. அதில் யார் அதிக முறை செயல்படுகிறார்களோ அவர்கள் பக்கம் சண்டை சாயும். ஆறு பலவீனமான எதிரிகள் ஒரே ஆளைச் சுற்றினால் அவர் எழவே முடியாது. ஒற்றை அரக்கன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் ஒரு முறை அடித்துவிட்டு நான்கு முறை அடி வாங்குவான். அட்டவணையை நம்புங்கள், ஆனால் காகிதத்தில் ஒரு சுற்றை ஓட்டிப் பாருங்கள். எல்லா எதிரிகளும் ஒரே பாத்திரத்தை அடித்தால், பாதி அடிகள் பட்டால், அவர் நிற்பாரா? இரண்டு நிமிட வேலை. எந்த அட்டவணையும் சொல்லாததை இது சொல்லிவிடும்.

எச்சரிக்கை கொடுத்தேனே! அவர்கள் கவனிக்கவில்லை என்றால் அது என் குற்றமா?

பெரும்பாலும் ஆமாம். மண்டைக்குள் முழு வரைபடத்தையும் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரியும் குறிப்பு, மேசையின் மறுபக்கத்தில் வெறும் வர்ணனையாகப் போய்ச் சேரும். "குகை வாசலில் சில சிலைகள் இருக்கின்றன" என்றால் கேட்பவருக்கு அலங்காரச் சிலைகள். "வாசலில் ஓர் ஆடு, கல்லால் ஆனது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஓடுகிற நிலையில் இருக்கிறது. வாயில் பாதி மென்ற புல், அது மட்டும் கல் இல்லை, காய்ந்துபோயிருக்கிறது" என்றால் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதோடு விடாதீர்கள். ஒரே ஆபத்துக்குக் குறைந்தது மூன்று தடயங்கள், மூன்றும் வெவ்வேறு வகையில் இருக்கட்டும். கண்ணால் பார்ப்பது ஒன்று, யாராவது வாயால் சொல்வது ஒன்று, உள்ளே போன பிறகு சிறிய அளவில் அனுபவிப்பது ஒன்று. ஆடு முதலாவது. "அந்தப் பக்கம் போனால் கண்ணைக் கட்டிக்கொண்டு போ" என்று எச்சரிக்கும் கிழவர் இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: அவர்களுக்கு முன்னால் ஓடுகிற எலி ஒன்று இருளில் ஏதோ இரண்டு வெளிச்சங்களைப் பார்த்த கணத்தில் அப்படியே உறைந்து, கல்லாகத் தரையில் உருண்டு வருகிறது. இதற்குப் பிறகும் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தால், முதல் பதிலில் சொன்ன விரல் வைக்கும் இடம் அவருக்குத் தாராளமாகக் கிடைத்துவிட்டது.

பாத்திரத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஆட்டக்காரருக்குத் தெரியாமல் இருந்தால் நேராகவே சொல்லிவிடுங்கள். "பதினைந்து வருடம் காட்டில் திரிந்தவர் நீங்கள். இங்கே குதித்தால் கால் முறியும் என்று பார்த்தவுடனே தெரிகிறது." இதற்குப் பகடை எதற்கு? பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) என்ற ஆட்டத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு உருட்டலுக்கும் முன், நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, அபாயமா, கையறு நிலையா என்பதை கேம் மாஸ்டர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எந்த ஆட்டத்துக்கும் கடன் வாங்கலாம்.

ஒரே உருட்டலில் உயிர் போகும் விஷம், கல்லாக்கும் பார்வை இதையெல்லாம் வைக்கவே கூடாதா?

வைக்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்து வையுங்கள். ஒரு பாத்திரம் தப்பிக்க 75 சதவீத வாய்ப்பு என்பது தாராளமாகத் தோன்றும். கேம்பெயின் முழுவதும் அப்படி நான்கு வந்தால், நான்கிலும் தப்பிக்கும் வாய்ப்பு 32 சதவீதத்துக்கும் கீழே. நீண்ட கேம்பெயினில் இப்படிப்பட்ட உருட்டல்கள் பத்திருந்தால் ஏறக்குறைய யாரும் மிஞ்சமாட்டார்கள்.

பழைய பதிப்புகளில் ஒரு முறை தோற்றால் கல். பார்வையால் கல்லாக்கும் பாசிலிஸ்க் என்ற மிருகத்தை ஐந்தாம் பதிப்பில் பாருங்கள்: முதல் முறை தோற்றால் உடல் இறுகத் தொடங்கி நகர முடியாமல் போகிறது, அடுத்த முறையும் தோற்றால்தான் கல். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு சுற்றில்தான் முழு நாடகமும் நடக்கிறது. நண்பர்கள் ஓடி வருவார்கள், ஒருவர் கண்ணை மறைப்பார், ஒருவர் மிருகத்தின் கவனத்தைத் திருப்புவார். நீங்களே உருவாக்கும் எந்த ஆபத்துக்கும் இதே அமைப்பைப் பொருத்தலாம். விஷம் முதல் சுற்றில் நாக்கை மரக்கச் செய்யட்டும், இரண்டாவதில் மூச்சைப் பிடிக்கட்டும். கொல்வதற்கு முன் ஒரு சுற்று கொடுங்கள்.

பொறிகள் என்றாலே அநியாயம்தானா?

மறைந்திருக்கும் பொறி சலிப்பு, தெரிகிற பொறி விருந்து. தரையில் ஒரு கல்லை மிதித்தவுடன் அம்பு பாய்ந்து செத்தார் என்றால் அங்கே எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. அதே நடைபாதையின் சுவர் முழுக்க விரல் நுழையும் அளவுக்குத் துளைகள், தரையில் பழைய எலும்புகள், எலும்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் மேசை களைகட்டும்.

டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற பொறிகள் நிறைந்த சாகசத்தை உதாரணம் காட்டி என்னோடு வாதாடுபவர்கள் உண்டு. 1975இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஓர் ஆட்ட மாநாட்டுப் போட்டிக்காக நடத்தியது அது, 1978இல் அச்சில் வந்தது. சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம், திறந்த வாய்க்குள் கும்மிருட்டு. உள்ளே நுழைந்தவர் அடையாளமில்லாமல் அழிந்துபோவார். பெயர் பெற்ற அந்தப் பொறி கொடூரமானது, மறுக்கவில்லை. ஆனால் அது கண்ணெதிரே இருக்கிறது, ஒரு கோலை நீட்டிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். மேலும் அது போட்டி. யார் அதிக தூரம் போகிறார்கள் என்பதே கேள்வி. ஓராண்டாக வளர்த்த பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் நண்பர் போட்டிக்கு வரவில்லை.

எல்லோரும் பதுங்கிப் போகிறார்கள், ஒருவர் மட்டும் தோற்கிறார், உடனே மாட்டிக்கொள்கிறார்கள். எப்போதும் இப்படியே ஆகிறது.

கணக்கே அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் 70 சதவீத வாய்ப்பு இருந்தாலும் ஐந்து பேரும் ஒருசேர வெல்லும் வாய்ப்பு 17 சதவீதம். பாதிப் பேராவது வென்றால் குழு வென்றது என்ற குழு உருட்டல் விதியைப் பயன்படுத்துங்கள், அதே ஐவருக்கு அது 84 சதவீதம் ஆகிவிடும். ஒரே செயலுக்குத் திரும்பத் திரும்ப உருட்டச் சொல்வதும் இதே வகைப் பிழை. சுவர் ஏற ஒரு உருட்டல் போதும், பத்தடிக்கு ஒன்று தேவையில்லை.

தோற்பது தெரிந்தாலும் ஓடமாட்டேன் என்கிறார்கள். கடைசி ஆள் வரை நின்று சாகிறார்கள். நான் என்ன செய்வது?

அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். பெரும்பாலான பாத்திரங்களின் வேகம் 30 அடி, எதிரியின் வேகமும் 30 அடி. திரும்பினால் முதுகில் ஒரு அடி இலவசமாக விழும், ஓடினாலும் அடுத்த சுற்றில் எதிரி பக்கத்தில் வந்து நிற்பான். விழுந்து கிடக்கும் நண்பரை யார் தூக்குவது? இந்த விதிகளின்படி ஓடுவது நின்று சாவதைவிட மோசம். அது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

எனவே ஓட்டத்தைச் சண்டை விதிகளிலிருந்து வெளியே எடுங்கள். "ஓடுகிறோம்" என்று குழு ஒப்புக்கொண்ட கணமே சுற்றுக் கணக்கு நிற்கட்டும். எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று கேளுங்கள். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினால் தப்பலாம், விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் தூக்குபவருக்கு ஓர் அடி, குதிரையை விட்டுவிட்டால் துரத்துபவர்கள் அதைச் சூழ்ந்துகொள்வார்கள். இழப்பு உண்டு, உயிர் உண்டு. இந்த ஏற்பாடு இருக்கிறது என்பதை முதல் அமர்விலேயே சொல்லிவையுங்கள். தெரியாத கதவு வழியாக யாரும் ஓடமாட்டார்கள். தோற்கடிக்க முடியாத எதிரிகள் உண்டு என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னதும் இதற்காகத்தான்.

எதிரிகளும் ஓடட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பழைய விதிகளில் எதிரிகளுக்கு 2 முதல் 12 வரை மனவுறுதி எண் உண்டு. முதல் ஆள் விழுந்ததும், பாதிப் பேர் விழுந்ததும் இரண்டு பகடை உருட்டி அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம். எதிரி பின்வாங்குவதைப் பார்த்துப் பழகிய குழு தானும் பின்வாங்கக் கற்றுக்கொள்ளும். சண்டைகளும் சீக்கிரம் முடியும்.

விழுந்து கிடக்கும் பாத்திரத்தை எதிரி குத்தலாமா?

குத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பூஜ்யத்தில் கிடப்பவர் ஒவ்வொரு முறையும் 20 முகப் பகடையை உருட்டுகிறார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, மூன்று வெற்றியில் நிலைபெறுவார், மூன்று தோல்வியில் சாவார். யாரும் தொடாமல் விட்டால் பத்துக்கு ஏறக்குறைய ஆறு முறை பிழைத்துக்கொள்வார். ஆனால் பக்கத்தில் நின்று அடிக்கப்படும் ஒவ்வொரு அடியும் இரண்டு தோல்வியாகக் கணக்காகும். ஒரு முறைக்கு இரண்டு அடி அடிக்கும் எதிரி, நண்பர்கள் கையை அசைப்பதற்குள் கதையை முடித்துவிடுவான்.

பசித்த ஓநாய் விழுந்ததை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும், நின்று குத்தாது. கூலிப்படை வீரன் இன்னும் நிற்பவர்கள்மீது கவனம் வைப்பான். குணப்படுத்துபவர் விழுந்தவரை இரண்டு முறை எழுப்பிவிட்டதைக் கண்ணால் பார்த்த கொலையாளி மட்டும் மூன்றாவது முறை கத்தியை இறக்குவான். அப்படி இறக்குவதற்கு முந்தைய சுற்றில் அவன் வாயைத் திறந்து சொல்லட்டும்: "இந்த முறை எழமாட்டான்." ஒரு சுற்று கொடுங்கள் என்று கல்லாக்கும் பார்வைக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

திரைக்குப் பின்னால் உருட்டி, ஆள் சாகாதபடி எண்ணை மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

தெரிந்துவிடும். முதல் முறை தெரியாது. பிறகு, ஒவ்வொரு சண்டையிலும் ஒருவர் மயிரிழையில் தப்புகிறார், ஒருவரும் சாவதில்லை என்பதை மேசை மோப்பம் பிடித்துவிடும். அதன் பிறகு நீங்கள் எவ்வளவு பெரிய அரக்கனைக் கொண்டுவந்தாலும் பயம் வராது. இதில் மாற்றுக் கருத்து உள்ள நல்ல கேம் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். கடினமான கேம்பெயினைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. பகடையை எல்லோர் முன்னிலையிலும் உருட்டுங்கள்.

முடிவை மாற்றுவதைவிட உருட்டுவதற்கு முன் யோசிப்பது மேல். "இந்த அடி பட்டால் நீங்கள் சாகலாம். ஏதாவது செய்ய விரும்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு உருட்டினால் மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையைப் பார்க்கும். சாவு இந்த இடத்தில் அபத்தமாக இருக்கும் என்று தோன்றினால் உருட்டவே வேண்டாம். எதிரி சிறைபிடிக்க முயல்கிறான் என்று முன்கூட்டியே முடிவுசெய்து அதைச் சொல்லிவிடுங்கள்.

சாவு வேண்டாம் என்றால் கடினத்தை வேறு எதில்தான் காட்டுவது?

பாத்திரங்கள் எதை நேசிக்கிறார்களோ அதில். கிராமம் எரியலாம், கூட்டாளி விலகிப் போகலாம், தலைமுறை வாள் உடையலாம், எதிரி மூன்று நாள் முந்திக்கொள்ளலாம். ஆட்டக்காரர்களுக்கு உண்மையில் வலிப்பது இவைதான். செத்தவருக்குப் புதிய பாத்திரம் வந்துவிடும், எரிந்த கிராமம் வராது.

காலக்கெடுவும் நல்ல ஆயுதம். ஒரு வட்டத்தை ஆறு துண்டாகப் பிரித்து மேசை நடுவில் வையுங்கள். குழு ஓய்வெடுக்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு துண்டு கறுப்பாகும். ஆறும் நிரம்பினால் சடங்கு முடிந்துவிடும். எல்லோர் கண்ணிலும் படுவதால் முறையிட இடமே இல்லை.

ஒருவர் எதையாவது இழுத்துவிடுகிறார், மற்றவர்கள் சாகிறார்கள். இது யார் குற்றம்?

எல்லாக் குழுவிலும் இப்படி ஒருவர் இருப்பார். நெம்புகோலைப் பார்த்தால் கை தானாகப் போகும். அவர் வாயிலிருந்து "இழுக்கிறேன்" என்று வந்ததும் விளைவைச் சொல்லிவிடாதீர்கள். "அவர் கை நெம்புகோலில் இருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். யாராவது தடுத்தால் தடுக்கட்டும், பின்வாங்கினால் பின்வாங்கட்டும். சும்மா நின்றால் அதுவும் அவர்கள் எடுத்த முடிவு. முதல் அடி இழுத்தவர்மீது விழும்படி பொறியை அமையுங்கள்.

ஒரே நண்பரின் பாத்திரம்தான் திரும்பத் திரும்பச் சாகிறது. அவரும் சோர்ந்துவிட்டார்.

முதலில் உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். எதிரிகள் யாரைத் தாக்குகிறார்கள் என்பதை எப்படி முடிவுசெய்கிறீர்கள்? மேசையில் உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பவர்மீது கண் தானாகப் போகும். பிறகு பாத்திரத் தாளைப் பாருங்கள். முன்வரிசையில் நிற்க ஆசைப்படும் ஒருவருக்குப் பின்வரிசைக் கவசம் இருக்கலாம், அதை மாற்ற ஒரு வாய்ப்புக் கொடுங்கள். இரண்டும் சரி என்றால் தனியே உட்கார்ந்து பேசுங்கள். சிலர் வீரமாகச் சாவதையே விரும்புகிறார்கள், அவர்களுக்கு ஆறுதல் வேண்டாம். சோர்ந்தவருக்கு, உங்கள் எச்சரிக்கைகள் அவர் காதில் எப்படி விழுகின்றன என்று கேளுங்கள். வர்ணனை வழியாகச் சொன்னால் பிடிபடாது, வரைந்து காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார் என்று தெரியவரலாம்.

செத்தவர் மீதி அமர்வு முழுக்க என்ன செய்வார்? கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒவ்வொருவரும் இரண்டாவது பாத்திரம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கட்டும். அடுத்த அறையில் கைதியாகவோ, எதிரியைத் தேடிவந்த இன்னொருவராகவோ அதை உள்ளே கொண்டுவாருங்கள். தர்க்கம் சற்றே இடித்தாலும் பரவாயில்லை. அதுவரை எதிரிகளில் ஒருவரை அவர் கையில் கொடுங்கள். தன்னைக் கொன்றவர்களின் பக்கம் ஆடுவதில் அலாதி மகிழ்ச்சி காண்பவர்கள் உண்டு. புதிய பாத்திரத்தை முதல் லெவலிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள், மூன்றாம் கேள்விக்கே திரும்பப் போய்விடுவீர்கள்.

உயிர்ப்பிக்கும் மந்திரம்தான் இருக்கிறதே, பிறகு எதற்கு இவ்வளவு கவலை?

ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், இறந்து ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஐந்தாம் லெவலுக்கு முன் யாருக்கும் அது கிடைக்காது. வைரம் எங்கே கிடைக்கும், எத்தனை கிடைக்கும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டே இரண்டு இருக்கின்றன என்றால் இரண்டையும் யாருக்குச் செலவழிப்பது என்று நல்ல சண்டை வரும்.

விதியை நான் தவறாகச் சொன்னதால் ஒரு பாத்திரம் செத்துவிட்டது. அடுத்த நாள்தான் தெரிந்தது.

அன்றே தெரிந்திருந்தால் அந்தச் சுற்றுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடியிருக்கலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். மறுநாள் தெரிந்தால், அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் அந்த ஆட்டக்காரரிடம் சொல்லுங்கள். முடிவு அவருடையது. பாத்திரத்தைத் திரும்பக் கேட்டால் கொடுங்கள். இறந்ததாக நினைத்துக் கைவிடப்பட்டவர் உயிரோடு கிடந்தார் என்பது எந்தக் கதையிலும் செல்லும். சாவு நன்றாக அமைந்துவிட்டது, இருக்கட்டும் என்பார் சிலர். அதையும் மதியுங்கள்.

எல்லோரும் ஒரே சண்டையில் செத்துவிட்டார்கள். கேம்பெயின் முடிந்ததா?

மேசையைக் கேளுங்கள். "கனவு கண்டீர்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதுவரை நடந்த அத்தனையும் மதிப்பிழந்துவிடும். எதிரிக்குக் கைதிகள் தேவை என்பது ஏற்கனவே கதையில் இருந்தால் சிறையில் கண்விழிக்கலாம், அந்த நேரத்தில் புதிதாகக் கண்டுபிடித்த காரணம் என்றால் பல் இளிக்கும். எனக்குப் பிடித்தது, சில மாதங்கள் கழித்துப் புதிய குழு ஒன்று அதே குகைக்குள் நுழைவது. பழைய பாத்திரங்களின் எலும்புகள், நாட்குறிப்பு, எழுதி முடிக்காத வரைபடம் எல்லாம் அங்கே கிடக்கும். முதல் குழு செத்தது இரண்டாம் குழுவுக்குத் தடயமாகிவிடுகிறது. வில்லன் இடைப்பட்ட காலத்தில் வென்றிருக்க வேண்டும், அதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.

இப்போது பயந்துபோய் எதையுமே தொடமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு கதவையும் அரை மணி நேரம் தட்டிப் பார்க்கிறார்கள்.

அறிகுறி வேறு எங்கோ இருக்கும் நோயைக் காட்டுகிறது. எச்சரிக்கையில்லாத அடியை அவர்கள் ஒரு முறையாவது வாங்கியிருக்கிறார்கள். எது ஆபத்து என்று பிரித்தறிய முடியாததால் எல்லாமே ஆபத்து என்று நடந்துகொள்கிறார்கள். இது புத்திசாலித்தனமான நடத்தை, திட்டிப் பயனில்லை. மறைந்திருக்கும் பொறிகளைச் சில அமர்வுகளுக்கு முழுவதுமாக நிறுத்துங்கள், நிறுத்தியதைச் சொல்லியும் விடுங்கள்: "பொறி இருந்தால் நான் வர்ணனையிலேயே ஏதாவது சொல்வேன். சொல்லாவிட்டால் கதவு வெறும் கதவு." சொன்ன வாக்கை மீறாதீர்கள், ஒரு முறை மீறினாலும் திரும்ப அரை மணி நேரக் கதவுதான்.

இன்னொரு பக்கம், நேரத்துக்கு விலை வையுங்கள். 1981இன் விதிகளில் நிலவறைக்குள் ஒரு சுற்று என்பது, சண்டைச் சுற்று போலல்லாமல், பத்து நிமிடம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஆறு முகப் பகடையை உருட்டி 1 விழுந்தால் திரியும் அரக்கன் ஒன்று வந்து சேரும். இந்தப் பகடையை மறைக்காமல் உருட்டுங்கள். கதவு முன்னால் நின்று மூன்றாவது முறை தட்டிப் பார்க்கும்போது அது மேசையில் உருளும் சத்தம் கேட்டால் போதும், யாராவது ஒருவர் கைப்பிடியைத் திருப்பிவிடுவார்.